முகம் பெற்றவரும் பெயர் இழந்தவரும்

மறுமலர்ச்சிக் காலம் மனிதனைக் கண்டுபிடித்தது என்று நம் பாடசாலைகளில் கற்பிக்கின்றோம். எந்த மனிதனை என்ற வினாவை மட்டும் எழுப்புவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பியரோ டெல்லா பிரான்செஸ்கா தீட்டிய உர்பினோக் கோமான் பெடரிகோவின் படத்தை நோக்குவோம். கூலிப்படைத் தலைவனான அவன் வலக்கண்ணை இழந்தவன். படத்தில் நாம் காண்பதோ இடப்பக்கத்தை மட்டுமே. பொருள் கொடுத்தவனின் ஊனம் மறைந்தது, கம்பீரம் நிலைத்தது.

இத்தாலியக் கதைக்கும் கொழும்புத்துறைக்கும் என்ன தொடர்பு என்பார் சிலர். தொடர்பு உண்டு. 1547இல் கோவாவை ஆண்ட போர்த்துக்கேயனான ஜொவாவோ டி காஸ்ட்ரோ, தனக்கு முன் ஆண்டோரின் உருவங்களை வரைவித்து மாளிகையில் தொங்கவிட்டான். பின்வந்தோர் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்த இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சாவும் அவ்வரிசையில் இடம்பெற்றான். சுவரில் தொங்கியவை வெறும் படங்களல்ல, ஆட்சியுரிமைப் பத்திரங்கள்.

அவற்றை வரைந்தவன் யார்? மேற்பார்வை செய்த கஸ்பார் கொரெயாவின் பெயர் வரலாற்றில் உண்டு. தூரிகை பிடித்தவனோ இந்நாட்டவன் என்ற குறிப்போடு நின்றுவிட்டான். பிற்காலத்தில் அப்படங்கள்மீது பலமுறை வர்ணம் பூசப்பட்டதால் அவன் கைச்சுவடும் மங்கிற்று.

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. சங்கிலியன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். வென்றோரின் முகங்கள் பழைய கோவா அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. தோற்றவனின் முகமோ நமக்குக் கிட்டவில்லை. முத்திரைச் சந்தியில் 1974இல் எழுந்து 2011இல் புதுக்கப்பட்ட சிலை, பிற்காலக் கற்பனையின் படைப்பே.

ஆயினும் அரசனுக்காக மட்டும் நாம் இரங்குவது தகாது. அவனுக்கேனும் ஒரு சிலை வாய்த்தது. கொழும்புத்துறைக் கடலில் ஓடம் வலித்தவனுக்கும், வலை இழுத்தவனுக்கும், நல்லூரில் கல் சுமந்தவனுக்கும் என்ன வாய்த்தது? அந்நியன் சுவரிலும் அவர்களுக்கு இடமில்லை. நம்மவர் சுவரிலும் இடமில்லை. இன்றும் நம் மண்டபங்களில் நன்கொடையாளரின் படங்கள் மாலையுடன் தொங்குகின்றன. அச்சுவரைக் கட்டிய மேசனின் பெயரை எவர் அறிவார்?

கலை அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்போர் இதற்கு விடை கூறட்டும். கலையை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. பியரோவின் திறனும், பெயரற்ற அந்தக் கோவா ஓவியனின் திறனும் மனிதகுலத்தின் உடைமை. உழைத்த கையிடமிருந்து அப்புகழைப் பறித்து, பொருள் கொடுத்தவனுக்குச் சூட்டுவதையே எதிர்க்கின்றோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஓர் உருவப்படத்தின்முன் நிற்கும்போது அழகைக் கண்டு மகிழுங்கள். கூடவே மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பொருள் கொடுத்தவன் யார்? வரைந்தவன் யார்? வரையப்படாதவன் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை தேடும்போதுதான் நம் வரலாறு தொடங்குகின்றது.