பழைய ட்யூனரும் பக்கத்து ஸ்டேஷனும்

மெக்கின்டாஷ் எம்.ஆர்.78-னு ஒரு எஃப்.எம் ட்யூனர். 1970-கள்ல அமெரிக்காவுல வந்தது. வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர்தான். பழைய ஆடியோ பிரியர்கள் இந்த மாதிரி ட்யூனர் பத்திப் பேச ஆரம்பிச்சா "அந்த சவுண்டு இப்ப வருமா?"ன்னு உருகுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

சவுண்டோட எல்லை 1961-லயே முடிவாயிடுச்சு. அந்த வருஷம் அமெரிக்காவுல அங்கீகரிச்ச ஸ்டீரியோ முறைப்படி, 19 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு பைலட் சிக்னல் கூடவே போகும். 'இது ஸ்டீரியோ'ன்னு ட்யூனருக்கு சொல்றதே அதுதான். அதுல இடிக்காம இருக்க, பாட்டை 15 கிலோஹெர்ட்ஸோட நறுக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. ஸ்டேஷன்காரன் அனுப்பாததை எந்த ட்யூனர் கொண்டு வரும்?

அப்ப காசு எதுக்கு? பிரிச்சு எடுக்கிறதுக்கு! அமெரிக்காவுல சேனலுக்கு சேனல் 200 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. உள்ளூர் ஸ்டேஷன் முழங்கும்போது, அடுத்த சேனல்ல இருக்கிற வெளியூர் ஸ்டேஷனை சாதாரண ரேடியோ தொலைச்சிடும். எம்.ஆர்.78-ல ஃபில்டரை இன்னும் இறுக்கமா மாத்திக்கலாம். (இறுக்கினா இசை கொஞ்சம் கெடும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது சாமி :-))

அங்கே 88-லேர்ந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வணிகம் இல்லாத ஸ்டேஷன்களுக்குன்னே ஒதுக்கினது. குறைஞ்ச பவர்ல ஓடுற கல்லூரி ரேடியோ நிறைய அங்கேதான். அதைத் தேடிக் கேக்கிறவருக்கு இந்தப் பெட்டி தங்கம். நாலு பெரிய ஸ்டேஷன் போதும்னா சின்ன ரேடியோவே தாராளம்.

வாங்கியே தீருவேன்னா, முதல்ல கூரை மேல ஒரு ஆன்டெனா போடுங்க. பின்னாடி ஒரு ஒயரைத் தொங்கவிட்டுட்டு ட்யூனரைத் திட்டாதீங்க.