சதுரங்களின் மேல் ஒரு பொய்ப் பாசம்

எழுத்துருவைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு என்ன கவலை என்று கேட்கும் நண்பர்களுக்கு எங்கள் பதில் சுருக்கமானது: படிப்பவர்கள் நாம்தாம். எழுத்தின் வடிவத்தைப் பொருட்படுத்தாத வாசகர், அழுக்கேறிய சன்னல் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துவிட்டு மலையைக் குறை சொல்பவர். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளாகப் புத்தக அட்டை, இசைத்தட்டு உறை, பனியன் என எங்கு பார்த்தாலும் படிக்கட்டுகளாக உடைந்த எழுத்துகள். பழைய கணினித் திரையின் நினைவாம். அண்மையில் எங்கள் கைக்கு வந்த கவிதைத் தொகுப்பொன்றில் கவிதைகளின் தலைப்புகள் அனைத்தும் இவ்வண்ணமே அச்சாகியிருந்தன. மெய்யெழுத்தின் புள்ளி எது, தவறி ஒட்டிக்கொண்ட சதுரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. இதை 'ரெட்ரோ' என்று பெருமையுடன் விளக்கினார்கள். நாங்கள் இதை அறியாமை என்கிறோம்.

எதை நினைவுகூர்கிறோம் என்று தெரிந்தல்லவா நினைவுகூர வேண்டும்? 1984 ஜனவரியில் வெளியான மேக்கின்டாஷ் கணினியின் திரையில் 512க்கு 342 புள்ளிகள். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, இடைப்பட்ட சாம்பல் இல்லை. அந்த வறுமைக்குள் சூசன் கேர் வடித்தது சிகாகோ எழுத்துரு. (முதலில் இந்த எழுத்துருக்களுக்குப் பிலடெல்பியா புறநகர் ரயில் நிலையங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள், உலகப் பெருநகரங்களின் பெயர்களே வேண்டும் என்றவர் ஸ்டீவ் ஜாப்ஸ்.) அதன் நெடுங்கோடுகள் இரண்டு புள்ளி அகலம் கொண்டவை. ஏன்? அப்போதைக்குப் பயன்படாத கட்டளையை மங்கலாகக் காட்டவேண்டும். சாம்பல் நிறமோ கிடையாது. எனவே ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை அழித்தார்கள். ஒற்றைப் புள்ளிக் கோடாக இருந்தால் பாதி வரிசைகளில் கோடே இராது. இரட்டைக் கோட்டில் வரிசைக்கு ஒரு புள்ளியாவது எஞ்சும். எழுத்து மங்கும், மறையாது. இதற்குப் பெயர் வடிவமைப்பு.

விளையாட்டு இயந்திரங்களின் எழுத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1976இல் அடாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் வெளியிட்ட 'க்விஸ் ஷோ'வில் இருந்த எட்டுக்கு எட்டுக் கட்ட எழுத்தை ஜப்பானின் நாம்கோ எடுத்துச் சற்றுத் திருத்திப் பல விளையாட்டுகளில் பயன்படுத்தியது. ஓர் எழுத்துக்கு எட்டு பைட். 128 எழுத்துக்கும் சேர்த்து 1024 பைட். அந்தச் சிக்கனத்திற்குள் செய்த வேலை அது. மேலும் ஒன்று: அன்றைய குழாய்த் திரையில் ஒளிப்புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்தன. இன்று கத்தியால் வெட்டியதுபோல் அச்சாகும் இந்தக் கூர்முனைச் சதுரங்களை அன்றைய சிறுவர்கள் இப்படிப் பார்த்ததே இல்லை. எவரும் காணாத காட்சிக்கு இவர்கள் ஏங்குகிறார்கள்.

எதிர்வாதம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1985இல் ஓக்லாண்ட், எம்பரர் முதலிய புள்ளி எழுத்துருக்களைச் செய்த சுசானா லிக்கோ, எந்த வடிவமும் தன்னளவில் படிக்க எளிதானதோ கடினமானதோ அல்ல, எல்லாம் பழக்கம் என்று வாதிட்டவர். பாதி உண்மை. ஆனால் அவர் தம் முன்னிருந்த இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றார். லேசர் அச்சுப்பொறி வந்ததும் அதன் சிறிய நினைவகத்திற்கேற்ப மேட்ரிக்ஸ் என்ற வேறு வகை எழுத்தைச் செய்தார். பிற்பாடு, 2001இல், பழைய எழுத்துருக்களைத் திரட்டி 'லோ-ரெஸ்' என்று மறுபடி வெளியிட்டார் என்பதையும் மறைக்கப் போவதில்லை. செய்தவருக்கு அந்த உரிமை உண்டு. பசித்திருந்தவர் பழைய சோற்றின் ருசியைப் பேசலாம். விருந்துண்டு வந்தவர் பேசுவது வேறு.

சரி, ஆசைப்படுகிறவர்கள் முறையாகவாவது பயன்படுத்துகிறார்களா? நாம்கோ எழுத்தை ஒட்டிச் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் பிரஸ் ஸ்டார்ட் 2பி எழுத்துருவைத் திரையில் 8, 16, 24 என்று எட்டின் மடங்கில் இட வேண்டும். 13இல் இட்டால் ஒரு சதுரத்திற்கு 1.625 புள்ளி கிடைக்கும். மிச்சத்தைக் கணினி சாம்பல் பூசி நிரப்பும். எங்கும் நாங்கள் காண்பது அந்தச் சாம்பல்தான்.

தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று சுழி ணகரத்தைக் கட்டத்தில் வரைந்து பாருங்கள். சுழிக்குள் வெளி தெரிய மூன்று பத்தி வேண்டும், சுவர்களுக்கு நான்கு, ஏழாயிற்று. வெளிக்கோட்டுக்கு இன்னும் இரண்டு. எட்டுக் கட்டத்தில் ணகரம் அடங்காது. மேலே புள்ளிக்கும் கீழே உகரக் காலுக்கும் வரிசை ஒதுக்கினால் உயரத்திலும் இதே நெருக்கடி. எதை விடுவது, எதைக் காப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்தாக வேண்டும். யூனிஃபாண்ட் எழுத்துருவில் 16 புள்ளி உயரத்தில் தமிழும் இருக்கிறது. யாரோ ஒவ்வோர் எழுத்தாகக் கட்டத்தில் நிரப்பிய உழைப்பு அது. எங்கள் கவிதைத் தொகுப்பின் வடிவமைப்பாளர் அப்படி எதுவும் செய்யவில்லை என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாதாரண எழுத்துரு ஒன்றைப் படச் செயலியின் சல்லடையில் போட்டுச் சதுரமாக்கியிருக்கிறார். எந்தச் சுழி அடைபடுகிறது என்பது சல்லடைக்குத் தெரியுமா?

விளைவு, 'மணம்' என்ற கவிதை தொகுப்பில் 'மனம்' ஆகிவிட்டது. எங்களில் இருவர் அதை மனத்தைப் பற்றிய கவிதையாகவே வாசித்து, மல்லிகை ஏன் வருகிறது என்று அரைமணி நேரம் விவாதித்தோம். உள்ளடக்கப் பக்கம் மட்டும் வழக்கமான எழுத்தில் இருந்ததால் உண்மை தெரிந்தது. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று கேள்விப்படுகிறோம். அதிலும் அதே சதுரங்கள்தாமாம்.