ஜெயிக்கிறவனை வெளியே தள்ளும் கடைக்கு 'திறமை விளையாட்டு' என்று பெயரா?



மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் போனில் வந்து விழும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கிரிக்கெட் அறிவைக் காசாக்கலாம் என்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பவர்பிளே பற்றிப் பேசும் எல்லாத் தம்பிக்கும் தனக்கு கிரிக்கெட் தெரியும் என்ற நம்பிக்கை உண்டு. அதில் தப்பே இல்லை. தெரியத்தான் செய்யும். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் புழுவாக மாட்டித் தூண்டில் போடுகிறார்கள்.

சரி, பந்தயத்தில் நிஜமாகவே ஜெயிக்கிறவன் உலகத்தில் இல்லையா? இருக்கிறான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. அவன் எப்படி ஜெயிக்கிறான் என்று தெரிந்துகொண்டால்தான் நம்ம வீட்டுப் பையன் ஏன் ஜெயிக்க முடியாது என்பது புரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சமபலமான இரண்டு அணிகள். ஆப் இரண்டு பக்கமும் 1.90 ரேட் கொடுக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் 100 ரூபாய், உங்கள் நண்பர் எதிர்ப்பக்கம் 100 ரூபாய். ஜெயித்தவருக்கு 190. மீதி 10 ரூபாய்? கம்பெனிக்கு! யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு. இப்படி நீங்கள் 100 மேட்ச் கட்டி, சரிபாதி 50-ல் ஜெயித்தால் போட்ட 10,000-ல் 9,500 திரும்பி வரும். 52-ல் ஜெயித்தாலும் நஷ்டம்தான். 53 ஜெயித்தால் கையில் நிற்பது 70 ரூபாய். எழுபதே ரூபாய்! நூற்றுக்கு 55 தொடர்ந்து ஜெயிக்கிறவன் இந்தத் தொழிலில் கில்லாடி.

அந்தக் கில்லாடி "எந்த டீம் ஜெயிக்கும்?" என்று கேட்பதே இல்லை. "ரேட் தப்பா இருக்கா?" என்று மட்டும்தான் பார்க்கிறான். ஒரு டீம் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று அவன் கணக்கு சொன்னால், ரேட் 1.80 என்றால் கட்டுவான். நூறு ரூபாய்க்குச் சராசரியாக 8 ரூபாய் லாபம். அதே டீமுக்கு ரேட் 1.55 என்றால் தொட மாட்டான், சராசரியாக 7 ரூபாய் நஷ்டம். டீம் ஜெயிக்கும் என்று அவனுக்கே தோன்றும்போதும் தொட மாட்டான். நம்ம பையன்? மஞ்சள் ஜெர்சி மேல் இருக்கும் பாசத்தில் என்ன ரேட் கொடுத்தாலும் கட்டுவான். அந்தப் பாசத்துக்கும் கம்பெனி விலை போட்டு வைத்திருக்கிறது.

சேப்பாக்கத்தில் பந்து திரும்பும், ராத்திரியில் பனி விழும், டாஸ் முக்கியம். தம்பி, இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் ரேட் போடுகிறவனுக்கும் தெரியும். நீ பார்ப்பதற்கு முன்பே அது ரேட்டில் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை வைத்து யாரும் லாபம் பார்க்க முடியாது.

பில் பென்டர் என்று ஒரு அமெரிக்கர். சீட்டாட்டத்தில் கார்டுகளை எண்ணி ஜெயித்ததால் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் அனுமதி மறுக்கப்பட்டவர். 1980-களின் நடுவில் ஹாங்காங் குதிரைப் பந்தயத்துக்குப் போனார். முதல் சீசனிலேயே கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டம், சுமை, ஜாக்கி என்று ஆண்டுக்கணக்கில் விவரம் திரட்டி, கணினியில் கணக்கு போட்டு, கோடிகளைக் குவித்தார். 1994-ல் தன் முறையை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். அதில் முக்கியமான விஷயம், அவருடைய கணினிக் கணக்கு மட்டும் போதவில்லை. மக்கள் கட்டும் பணம் காட்டும் ரேட்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் லாபம் நின்றது. அவ்வளவு பெரிய மூளைக்கே அந்த நிலைமை!

இங்கிலாந்தில் பிரைட்டன் கால்பந்து கிளப் முதலாளி டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டு முதலாளி மேத்யூ பென்ஹாம், இருவருமே பந்தயத்தில் சம்பாதித்தவர்கள். இருவரிடமும் புள்ளிவிவர நிபுணர்கள் வேலை பார்க்கும் கம்பெனிகள் உண்டு. இவர்களுக்கு எதிராகத்தான் நம்ம ஊர் பையன் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கட்டைவிரலால் போட்டி போடுகிறான். ஃபேண்டஸி டீம் ஆட்டமும் இதே கதைதான். 2015-ல் அமெரிக்க பேஸ்பால் ஃபேண்டஸி ஆட்டங்களை மெக்கின்சி ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆடியவர்கள் பார்த்த லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேர் கைக்குப் போயிருந்தது. மற்றவர்கள் அந்த 1.3-க்குப் படியளந்தவர்கள்.

இனிதான் விஷயமே.

திறமை இருந்து ஜெயித்தால் கம்பெனி என்ன செய்யும்? கைகுலுக்குமா? 2017-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் உட்பட மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பல கம்பெனிகள் ஒரே மேட்சுக்குக் கொடுக்கும் ரேட்டைச் சராசரி எடுத்தார்கள். எந்தக் கம்பெனி மட்டும் அதைவிட அதிகமாகக் கொடுக்கிறதோ அங்கே கட்டினார்கள். நிஜப் பணம், நிஜ லாபம். சில மாதங்கள்தான் நிம்மதியாக ஓடியது. அவர்கள் கட்டக்கூடிய தொகையை கம்பெனிகள் சுருக்க ஆரம்பித்தன. திருட்டு இல்லை, பொய் இல்லை, ஜெயித்தது மட்டுமே குற்றம்.

அமெரிக்காவிலும் இதே புகார்தான். 2024-ல் மாசசூசெட்ஸ் மாநில சூதாட்ட ஆணையம் இதைப் பற்றிப் பேச கம்பெனிகளைக் கூப்பிட்டபோது பெரிய கம்பெனிகள் முதலில் வராமல் நழுவின.

தோற்கிறவனுக்கு போனஸ், ஜெயிக்கிறவனுக்கு கதவு. இதுக்குப் பேரு விளையாட்டா?

இந்த இடத்தில் டெலிகிராமில் "நூறு சதவீதம் ஷ்யூர் டிப்ஸ்" விற்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 6,400 பேருக்கு மெசேஜ் போகிறது. பாதிப் பேருக்கு ஒரு டீம், பாதிப் பேருக்கு எதிர் டீம். தோற்ற பாதியை விட்டுவிட்டு, ஜெயித்த 3,200 பேரை மறுபடி பாதியாகப் பிரிக்கிறான். ஆறாவது மேட்ச் முடிந்ததும் 100 பேர் மிச்சம் இருப்பார்கள். அந்த 100 பேர் கண்ணுக்கு அவன் ஆறுக்கு ஆறு சரியாகச் சொன்ன தீர்க்கதரிசி! ஏழாவது டிப்ஸுக்குக் காசு கேட்பான். நகையை வைத்தாவது கொடுப்பார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1996-ல் கிண்டி ரேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றது. அன்றிலிருந்து எல்லாச் சூதாட்டக் கம்பெனிக்கும் 'திறமை' என்பதுதான் கேடயம். தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை நீக்கியபோதும் அதே 'திறமை' வாதம்தான் முன்னால் நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாமே கூடாது என்று சட்டம் போட்டது. உடனே கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. என்ன வாதம்? திறமை!

ஐயா, ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஜெயிக்கிறவனை என்ன செய்கிறீர்கள் என்று அந்தக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். எத்தனை அக்கவுண்டில் தொகையைச் சுருக்கினீர்கள், அவர்கள் எல்லாம் லாபம் பார்த்தவர்களா, நஷ்டப்பட்டவர்களா? அந்த ஒரு பட்டியல் வந்தால் போதும், திறமை வாதம் அங்கேயே சாயும்.

சட்டம் வந்த பிறகும் வெளிநாட்டு ஆப்கள் பெயரை மாற்றி, 'செய்தித் தளம்' என்ற வேஷத்தில் விளம்பரம் செய்வது ஊருக்கே தெரியும். ஒரு லிங்கை மூடினால் பத்து லிங்க் முளைக்கிறது. பணம் போகும் வாடகை வங்கிக் கணக்குகளைப் பிடிக்காமல் லிங்கை மட்டும் மூடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அந்தப் பணப்பாதையை அடைப்பது ஒன்றிய அரசின் பொறுப்பு. அந்த ஜெர்சியோடு விளம்பரத்தில் சிரிக்கும் நட்சத்திரங்களும் பதில் சொல்லட்டும். அவர்கள் சம்பளம் வாங்கித்தான் சிரிக்கிறார்கள், பந்தயம் கட்டி இல்லை.

தோழர்களே, இந்தப் பதிவை உங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள். அந்த 1.90 கணக்கை மட்டுமாவது பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட தம்பி யாராவது படித்தால்: விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் வாங்காதே. வீட்டில் சொல்லு, திட்டுவாங்க, பரவாயில்லை. ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 1930-க்குக் கூப்பிடு. மனசு தாங்கவில்லை என்றால் எந்த நேரமானாலும் 104.

#பந்தயஆப்பைமூடு