கடலைச் சீருடைக்கு விட்டுக்கொடுக்கலாமா?

கனடாவில் வாழும் எனது நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். ஊர்ப் புதினங்கள் பேசி முடிந்த பின்னர் அவரது குரல் சற்றுத் தயங்கியது. அவரது பதின்மூன்று வயது மகள் அங்குள்ள கடற் கடேற் அணியில் சேர விரும்புகிறாளாம். பாய்ப்படகு ஓட்டவும் முடிச்சுப் போடவும் கடல் வரைபடம் பார்க்கவும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்களாம். பிள்ளையின் தாயார் மறுத்துவிட்டார்.

"நேவி உடுப்பைக் கண்டு பயந்துதான் ஊரை விட்டு வந்தனாங்கள். இப்ப என்ரை பிள்ளைக்கு அதையே போட்டுவிடச் சொல்லுறியளோ?" என்பது அவரது கேள்வி.

"நீ என்ன சொல்லுறாய் மச்சான்?" என்று நண்பர் என்னிடம் கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாயாரின் கேள்வி எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று.

1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை வடபகுதிக் கடல் எமக்குத் தடைகளின் கடலாகவே இருந்தது. மீன்பிடித் தடை, நேரக் கட்டுப்பாடு, அனுமதிச் சீட்டு, உயர் பாதுகாப்பு வலயம் என்பனவே கரையோர மக்களின் அன்றாடச் சொற்களாயின. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நெடுந்தீவு மக்கள் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை மிச்சமிருந்த துணிவையும் அடித்துச் சென்றது. இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்த ஒரு தாய், கடலும் சீருடையும் ஒன்றாக வரும்போது அஞ்சாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆயினும் அஞ்சுவதை அறிந்துகொண்டு அஞ்சுவதே நல்லது. கனடாவின் கடற் கடேற் அமைப்பு 12 முதல் 18 வயது வரையானோருக்குரியது. 1975 முதல் பெண் பிள்ளைகளும் அதில் சேரலாம். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. அதில் சேரும் பிள்ளைகள் படையினர் அல்லர். பின்னாளில் படையில் சேரவேண்டும் என்ற கடப்பாடும் அவர்களுக்கு இல்லை. அதேவேளை, அந்த நாட்டின் பாதுகாப்புத் திணைக்களம் அதன் பங்காளி என்பதையும், அணிநடையும் சீருடையும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அது வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு வேறு வழிகளும் உண்டு. 1909 அளவில் பிரித்தானியாவில் தொடங்கிய கடற்சாரணர் இயக்கம் இன்று பல நாடுகளில் இயங்குகிறது. இலங்கைச் சாரணர் சங்கத்திலும் கடற்சாரணர் பிரிவு இருக்கிறது. படகோட்டக் கழகங்களும் இளையோருக்குப் பயிற்சி அளிக்கின்றன.

எந்த வழியானாலும் கற்கவேண்டிய கல்வி ஒன்றுதான். அதன் பெறுமதியை நான் உணர்ந்தது ஓர் இரவில்.

1990களின் முற்பகுதியில் தரைப்பாதைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், கிளாலியிலிருந்து இரவோடு இரவாகக் கடனீரேரியைக் கடந்தவர்களில் நானும் ஒருவன். ஓர் இயந்திரப் படகு ஏனைய வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றது. கடலுக்கு ஒரு மைல் தொலைவில் பிறந்து வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் படித்தவை எவையும் அந்த வள்ளத்தில் உதவவில்லை. "எல்லாரும் நடுவிலை இருங்கோ, ஒருத்தரும் எழும்பக் கூடாது" என்று ஓட்டி சொன்னதற்குக் கீழ்ப்படிவதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. எந்தப் பக்கம் பாரம் கூடுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் சென்றிராத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிவு எமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எமது கடலோடிகளுடன் புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி அழைத்த சமூகம் எம்முடையது. ஆனால் அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வள்ளத்தில் வைத்தே கைமாறியது. வள்ளம் கரையில் நின்றபோது கல்வியும் நின்றது. பெண் பிள்ளைகளுக்கும் கரையோரச் சமூகங்களைச் சேராதவர்களுக்கும் அது ஒருபோதும் கற்பிக்கப்படவில்லை. கடல்தொழிலைத் தாழ்வாக எண்ணிய எமது சாதிச் செருக்கும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் விலை சிறிதல்ல. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தவர்களில் அடங்கினர். பாலமும் பாதுகாப்பான பயணமும் வழங்கவேண்டியது ஆட்சியாளரின் கடமை. நீச்சல் தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்லி அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் நீர் சூழ்ந்த ஒரு நாட்டில் பாடத்திட்டத்தில் இக்கல்விக்கு உரிய இடமில்லாதிருந்தால் அது எந்த வகையில் நியாயம்?

பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் கூடாது. 1912 ஓகஸ்ரில் இங்கிலாந்தின் லேஸ்டவுன் கரைக்கு அப்பால் சாரணச் சிறுவர்கள் சென்ற படகு திடீர்க் காற்றில் கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் மாண்டனர். பயிற்றுநரின் தகுதி என்ன, உயிர்காப்பு அங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டா, துணைப்படகு கூடச் செல்கிறதா, காற்று மாறினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். இன்று போகவேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கடலோடி.

1986 ஓகஸ்ரில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழ் அகதிகளை முதலில் கண்டு உதவியவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். மீன்பிடிக்கச் சென்ற கனடிய மீனவர்களே. கடலில் தத்தளிப்பவரைக் கைவிடக் கூடாது என்பது கடலோடிகளின் முதல் நெறி. பிள்ளைகள் கற்கவேண்டியது அதைத்தான்.

மறுநாள் நண்பரை அழைத்தேன். பிள்ளையைச் சேர்க்கச் சொன்னேன். ஆனால் அதற்கு முன் தாயாரும் ஒருநாள் அங்கே சென்று பார்க்கட்டும், சீருடை அவருக்குப் பொறுக்கவில்லையென்றால் கடற்சாரணரையோ படகோட்டக் கழகத்தையோ தேடுங்கள் என்றும் சொன்னேன். சீருடையை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதற்காகக் கடலையும் சேர்த்து மறுத்துவிட்டால், எம்மைக் கடலிலிருந்து விரட்டியவர்கள் அதைப் பிள்ளையிடமிருந்தும் பறித்தவர்களாவர்.

வடக்கிலும் கிழக்கிலும் எமது பாடசாலைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கூடி, படைத்தரப்பின் கை படாத ஒரு பயிற்சியைத் தொடங்கலாம். கற்பிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் உள்ளபோதே அதைச் செய்யவேண்டும்.