லேசர் கடிவாளம் யார் கையில்?

மக்களே, வழக்கமான மொக்கைக்கு இன்னிக்கு லீவு. கொஞ்சம் சாலிடர் வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க :-)

ஆவடி, பூந்தமல்லி பக்கம் இன்ஜினியரிங் பசங்களுக்கு லேசர் ப்ராஜெக்ட் இப்போ ரொம்ப சுலபம். அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாப் பொருளும் கிடைச்சிடும். ஒரு அர்டுயினோ, ஒரு டிரான்சிஸ்டர், புரோகிராமில் ஒரு நம்பர். 255ன்னா முழு பவர், 128ன்னா பாதி. "டிஜிட்டல் கன்ட்ரோல் சார்!"

என்னைக் கேட்டா இது கன்ட்ரோலே இல்லை.

அந்த 128 செய்யறது, லேசரை நொடிக்குச் சில நூறு தடவை போட்டுப் போட்டு அணைக்கிறதுதான். எரியற நேரத்தில் வர்றது முழு பவர். மரப்பலகையில் படம் பொறிக்க இது போதும். அளக்கற கருவிக்கு ஆகாது.

அடுத்தது நம்ம ஊர் வெயில். ஒரு அளவு கரண்ட்டைத் தாண்டினாத்தான் டயோடு லேசராகவே எரியும். சூடு ஏற ஏற அந்த அளவும் ஏறும். டிசம்பர் காலையில் செட் பண்ணின அதே கரண்ட், மே மாச மத்தியானம் அம்பத்தூர் எஸ்டேட் தகரக் கூரைக்குக் கீழே குறைஞ்ச வெளிச்சம்தான் கொடுக்கும். நம்பர் மட்டும் அப்படியே நிக்கும்.

இதுக்கு மருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கு. மூணு கால் வெச்ச சின்ன சிவப்பு டயோடு பலதிலும் உள்ளே ஒரு போட்டோடயோடு உண்டு. வெளிச்சம் எவ்வளவுன்னு அது சொல்லும். நம்மாளுங்க அந்தக் காலைச் சும்மா விட்டுடறாங்க!

"அதைப் படிச்சு கோடிலேயே திருத்தலாமே?"ன்னு கேப்பீங்க. அர்டுயினோ உனோ ஒரு தடவை படிக்கவே சுமார் 100 மைக்ரோசெகண்ட் ஆகும். கரண்ட் எகிறினா டயோடு கருக ஒரு மைக்ரோசெகண்டே அதிகம். அதனால திருத்தற வேலையை ஒரு ஆப்-ஆம்ப் கிட்ட விடுங்க. பிடபிள்யூஎம்மை ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வழியா நேர் வோல்டேஜ் ஆக்கி, "இவ்வளவு வேணும்"னு சொல்ல மட்டும் டிஜிட்டல் போதும்.

இன்னும் ரெண்டு ரெசிஸ்டர் அவசியம். டயோடு சூடானா ஆப்-ஆம்ப் கரண்ட்டை ஏத்திக்கிட்டே போகும், அதில் இன்னும் சூடாகும். அதுக்கு உச்சவரம்பு வைக்க ஒண்ணு. அர்டுயினோ ரீசெட் ஆகும்போது பின் அந்தரத்தில் தொங்கும். அப்போ லேசர் அணைஞ்சே இருக்க, கிரவுண்டுக்கு இழுத்துப் பிடிக்க இன்னொண்ணு. எல்லாம் சேர்ந்து ஒரு டீ, வடைக் காசு.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னா, கண்ணுக்காக. 2013ல் அமெரிக்காவின் நிஸ்ட் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதிச்சது. பச்சையில் 90 சதவீதம், சிவப்பில் 44 சதவீதம் அந்த நாட்டு வரம்புக்கு உட்படலை. கடையில் விக்கிறதோட லேபிளையே நம்ப முடியாதப்போ, புரோகிராமில் எழுதின 128ஐ நம்பி ஒரு பையன் டேபிள் மேல குனியறது எனக்குச் சரியாப் படலை.

மாத்துக் கருத்து இருந்தா வாங்க, சண்டை போடலாம். கண்ணாடி போட்டுக்கிட்டு :-)