அம்மா கவிதை எழுதுவதற்கு முன்னால்

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உங்க போனைத் திறந்து பாருங்க. ஸ்டேட்டஸ் முழுக்க அம்மாதான். கருவறை, தெய்வம், மெழுகுவர்த்தி, தியாகம். எழுதின பையனிடம் "உங்க அம்மாவுக்குப் பிடிச்ச குழம்பு எது?" என்று கேட்டால் முழிப்பான். அம்மா அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதையும் பெருமையாகவே எழுதுவான்.

இந்த இதழுக்கு வருகிற கவிதைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அவற்றை எழுதியவர்களைக் கிண்டல் பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றுவது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கவிதைகளில் அம்மாவே இல்லை என்பதுதான் என் புகார். உங்க அம்மாவை எடுத்துவிட்டு என் அம்மாவை வைத்தாலும் ஒரு எழுத்துகூட மாறாது என்றால், அது யாருடைய அம்மா?

நா. முத்துக்குமாரை நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பாட்டாகத்தான் தெரியும். 'பட்டாம்பூச்சி விற்பவன்' தொகுப்பில் 'தூர்' என்று ஒரு கவிதை இருக்கிறது. சுஜாதா மெச்சிப் பேசியதால் பிரபலமானது. வருடா வருடம் கிணற்றில் தூர் வாருவதைப் பற்றிய கவிதை. சேறோடு மேலே வருகிற சாமான்களைப் பார்த்து வீடே குதிக்கிறது. அப்படியே போய்க் கடைசியில் அம்மாவின் மனசில் முட்டி நிற்கிறது. அதில் தெய்வமும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை, கிணறும் வாளியும்தான். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர் அவர். 'அணிலாடும் முன்றி'லில் ஒவ்வொரு உறவையும் எடுத்து எழுதி, மகனுக்கும் எழுதினார். 2016 ஆகஸ்டில், 41 வயதில் போய்விட்டார். இப்போது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒரு பாரம் அதில் ஏறியிருக்கிறது.

நான் இனயத்துக்காரன். (போனில் இனயம் என்று அடித்தால் அது 'இணையம்' என்று திருத்தும். மின்னிதழில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.) எங்க பக்கத்தில் ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர் நண்பர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். "இங்க நான் ஒருத்தன்தானே நிக்கேன், எதுக்குப் பன்மை?" என்பார்கள். ஒருத்தனைக் கூப்பிடும்போதே வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிடுகிற மாதிரிதான் எனக்கு அது கேட்கும். இலக்கணம் வேறு ஏதாவது சொல்லலாம்.

இந்தக் கரைக்கு இழப்பு புதிது இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி. அடுத்து 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எங்கேயோ தூரத்தில் இருந்தார்கள். எங்களுக்கு மேற்கே சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. பல வீடுகளுக்கு உடலும் வரவில்லை.

உடல் வராத சாவுக்கு எப்படி அழுவது? நம்ம ஒப்பாரியைக் கவனித்திருக்கிறீர்களா? அது 'அவர் இப்படிப்பட்டவர்' என்று பக்கத்து ஆளிடம் சொல்கிற பாட்டு இல்லை. முன்னால் கிடத்தியிருக்கிறவரைப் பார்த்து நேராகக் கேட்கிற பாட்டு. ஏன் போனாய், எங்களை யாரிடம் விட்டுப் போனாய் என்று. முன்னால் யாரும் கிடக்கவில்லை என்றால் அந்தப் பாட்டுக்கு வாய் திறக்காது. ஒரு ஆள் காணாமல் போய் ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். ஒக்கிக் குடும்பங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம் என்று அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது தேவையான பணம்தான், சரியான முடிவுதான். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது, 'அவர் வரமாட்டார்' என்று நாமே எழுதிக் கொடுப்பது மாதிரி. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இந்த மாதிரித் துக்கத்துக்கென்றே ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதே 2017இல், பிப்ரவரி 20ஆம் தேதி, கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் பிள்ளைகளின் போட்டோக்களோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனது கடல் இல்லை, போர். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே பதில் சொல்ல வேண்டிய ஆள் இருக்கிறார். ஆனால் அந்த மண்ணின் துக்கத்தைக் கவிதை கைவிடவில்லை. 1985இலேயே 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு வந்துவிட்டது. அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான சேரன், மஹாகவியின் மகன்.

எங்க மாவட்டத்திலும் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. தக்கலையில் ஹெச்.ஜி. ரசூல் இருந்தார், என்.டி. ராஜ்குமார் இருக்கிறார். பக்கத்திலேயே தேங்காப்பட்டணம், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நடக்கிற இடம். உரைநடையில் கடற்கரை பேசிவிட்டது. கவிதையில் இன்னும் நிறைய பேச வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். கடலைப் பார்த்து "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கிற கவிதைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெரும்பாலும் அவை பஸ்ஸில் வந்து கடல் பார்த்துப் போனவர்கள் எழுதியவை. வள்ளம் வைத்திருக்கிற வீட்டில் யாரும் கடலைத் திட்டி நான் கேட்டதில்லை. நாளைக்கும் அதில்தானே போகணும்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்குப் படித்தோம். மார்க் வாங்கினோம், விட்டுவிட்டோம். கரையில் நிற்கிறவளின் மனசுக்கு ஒரு முழு நிலத்தையே ஒதுக்கிக் கொடுத்த மொழி இது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இதற்கு நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி அப்பாவைப் பற்றி எழுதி ஸ்டேட்டஸில் போட்டாள். அவள் அம்மா, "நம்ம வீட்டுக் காரியத்த ஊருக்கு எதுக்குக் காட்டணும்?" என்று கேட்டு அழிக்கச் சொன்னார். அந்த அம்மா கேட்டது சரி. துக்கம் அவருடையதும்தான். மகள் எழுதிய வரிக்கு ஐம்பது பேர் இதயம் போட, அடுத்த நாள் சந்தையில் மீன்பெட்டியோடு நிற்கப்போவது அவர். மகள் எழுத வேண்டாம் என்றா சொல்வது? அதற்கும் எனக்கு மனசு வரவில்லை.

அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அதை எனக்கு இப்போது ரொம்பப் பிடித்திருக்கிறது. பெயர் இல்லாததால்தான் அந்தப் பாட்டுகளில் அவ்வளவு அந்தரங்கம் தாங்குகிறது. வீட்டில் எழுதவே விடாத நிலையில் துவரங்குறிச்சி ரொக்கையா, சல்மா என்ற பெயருக்குள் இருந்துகொண்டு எழுதினார். அந்தக் கவிதைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க உதவியது அவருடைய அம்மா. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது. ஒரு வீட்டில் அம்மா அழிக்கச் சொல்கிறார், இன்னொரு வீட்டில் அம்மாவே தபால்காரர். எனக்கு இரண்டு பேருமே கவிதைக்குள் வர வேண்டியவர்கள்.

ஹாஸ்டல் பசங்களுக்குத் தனியாக ஒன்று. அரியர் விழுந்ததை ஊருக்கே சொல்வோம், பிரேக்கப்புக்கு ட்ரீட்கூடக் கேட்போம். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்பதை மட்டும் ரூம்மேட்டிடம்கூடச் சொல்ல மாட்டோம். போனில் அப்பாவிடம் "சாப்பிட்டியாப்பா"வுக்கு மேல் பேசத் தெரியாது. அந்த இருபது செகண்ட் போன் காலை அப்படியே எழுதுங்க. "தந்தை எனும் ஆலமரம்" வேண்டாம்.

அடுத்த இதழுக்குப் பெயர் போடாமல் அனுப்பலாமா என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். ஊர் பெயரும் வேண்டாம், வருடமும் வேண்டாம். வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்பினால் நல்லது. அவர்கள் எந்த வரியில் முகம் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பாருங்க.