கேட்டதும் கிடைக்கும் மாத்திரை! கேட்டாலும் கிடைக்காத மாத்திரை!

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா என்றால் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் மருந்துக் கடைகளில் ஒரு மாத்திரைக்குத் தனிக் கிராக்கி. "தம்பி, தள்ளிப் போற மாத்திரை கொடுப்பா" என்பார் ஒரு அம்மாள். "எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, பையன் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவான். டாக்டர் சீட்டு? யாரும் கேட்பதில்லை!

அதே கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். முந்தின இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. அவசர கர்ப்பத்தடை மாத்திரை வேண்டும். "அதெல்லாம் வைக்கிறதில்லீங்க." "வேற எங்க கிடைக்கும்?" "மெட்ராஸ்ல கஷ்டம்தாங்க." தி.நகர் உஸ்மான் ரோடுக்குப் போனாலும், அடையாறுக்குப் போனாலும் பெரும்பாலும் இதே பதில்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர்!

மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்குவது நாரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. இதற்கு டாக்டர் சீட்டு கட்டாயம். வழக்கமாக 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று. இதில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் ஈஸ்டிரோஜனாக மாறுகிறது. அதனால் சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எல்லாருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், குடும்பத்தில் அது உள்ளவர்கள், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விழாவுக்காக மாத்திரை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இன்னொன்று: இப்படிச் சாப்பிடுவது கர்ப்பத்தைத் தடுக்காது!

மற்றது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். ஒரே ஒரு மாத்திரை. இதைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. தேசியக் குடும்பநலத் திட்டத்திலும் இது இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும்; அவ்வளவுதான். கரு தங்கிவிட்டால் இது அதைக் கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு. குமட்டல், தலைவலி வரலாம். அடுத்த மாதவிலக்கு முன்னே பின்னே ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "கர்ப்பப்பை கெட்டுப் போயிடும்" என்பது வெறும் பேச்சு. ஆனால் இது அவசரத்துக்குத்தான். மாதா மாதம் சாப்பிடுவதற்கு அல்ல. தொடர்ந்து வேண்டுபவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மாலா-என் மாத்திரை, அந்தரா ஊசி, காப்பர்-டி எல்லாம் இலவசம்.

பிறகு ஏன் கடையில் இல்லை? தமிழ்நாட்டில் இதற்குத் தடை கிடையாது. கடைக்காரரைக் கேட்டால், "எதுக்குங்க வம்பு? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?" என்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கருக்கலைப்பு மாத்திரை மீதுள்ள கெடுபிடி இதன் மீதும் விழுந்துவிட்டது. "கொடுத்தா பொண்ணுங்க கெட்டுப் போயிடுவாங்க" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

கஷ்டப்படுவது யார்? கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் பெண். இரண்டு பிள்ளை போதும் என்று நினைத்த குமாஸ்தா குடும்பம். பலாத்காரத்துக்கு ஆளான பெண். பெங்களூரில் சொந்தக்காரர் இருந்தால் வாங்கி அனுப்பச் சொல்லலாம். இல்லாதவர்கள்? 72 மணி நேரம் பஸ் மாதிரி நின்று காத்திருக்காது. அது போய்விட்டு, வேண்டாத கர்ப்பம் தங்கிவிட்டால் மிச்சம் இருப்பது கருக்கலைப்புதான். மாத்திரையைக் கண்டு பயந்து, அதைவிடப் பெரிய கஷ்டத்தில் பெண்களைத் தள்ளுகிறோம்!

குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இங்கே மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கத்தி மட்டும்தான் வழியா? மாத்திரைக்கு இடம் கிடையாதா?

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில்தான் இருக்கிறது. மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் கூப்பிடு தூரம். ஒரே ஒரு சுற்றறிக்கை போதும்: "இதை விற்கலாம்; விற்றால் நடவடிக்கை இல்லை. அதைச் சீட்டில்லாமல் விற்காதே." கடைக்காரர்கள் பயம் தெளியும். பெண்கள் அலைச்சல் தீரும்.

சீட்டு கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டிய மாத்திரையைக் கொடுங்கள். அதிகாரிகள் வாய் திறப்பார்களா?